கேத்தல் தண்ணீரில் இருந்து மீகடத்தி வரை: அவத்தை மாற்றம் என்றால் என்ன?

நுவரெலியாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்கள். அடுப்பில் வைத்த தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் 94 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது.

ஏன் ஏறாது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் மீகடத்தியில் போய் நிற்கலாம். "தடை பூச்சியமான உலோகம்" என்று மீகடத்தியை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம்தான். ஆனால் அந்த வரி பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ஐஸ், தண்ணீரின் வேறோர் அவத்தை (பொருள் இருக்கும் நிலை). அதே மாதிரி மீகடத்தி, உலோகத்தில் ஓடும் இலத்திரன்களின் வேறோர் அவத்தை. அவத்தை மாற்றங்களை ஒரு வளைகோட்டால் விளக்கும் வழியை 1937இல் காட்டியவர் சோவியத் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் லெவ் லாண்டாவ். 1950இல் விட்டலி கின்ஸ்பர்க்குடன் சேர்ந்து அதை மீகடத்திக்குப் பொருத்தியவரும் அவரே.

இலத்திரன், சக்தி, எந்திரப்பி, அவத்தை என்று நமது உயர்தரப் பாடப்புத்தகச் சொற்களையே இங்கே வைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு நூல்களில் எலக்ட்ரான், ஆற்றல், நிலைமாற்றம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

முதலில் தண்ணீர்

உயரம் 300 மீற்றர் கூடும்போது கொதிநிலை ஏறக்குறைய 1 பாகை இறங்கும். கண்டியில் (சுமார் 500 மீற்றர்) 98.3, ஹட்டனில் (சுமார் 1,270 மீற்றர்) 95.8, பீதுருதாலகாலை உச்சியில் (2,524 மீற்றர்) 91.6 என்று வரும். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். அரை லீற்றர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, 110 பாகை வரை காட்டும் வெப்பமானியைத் தொங்கவிட்டு, 30 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பைக் குறித்து வரைபடம் கீறுங்கள். கோடு சாய்வாக ஏறி வந்து, கொதிக்கத் தொடங்கியதும் படுத்துவிடும்.

இங்கே பிழை வரும் இடங்கள் சில உண்டு. வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் தண்ணீரின் சூட்டுக்குப் பதில் உலோகத்தின் சூட்டைக் காட்டும். மின் கேத்தல் கொதித்தவுடன் தானாக நின்றுவிடும், ஆகவே படுத்த கோடு கிடைக்காது; கேஸ் அடுப்பும் சாதாரணப் பாத்திரமுமே இதற்கு நல்லது. வெப்பமானியை முன்கூட்டியே நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கலவையில் வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தை எல்லா வாசிப்புகளிலும் திருத்த வேண்டும். வளிமண்டல அமுக்கம் நாளுக்கு நாள் மாறும். 1 கிலோபாஸ்கல் மாற்றம் கொதிநிலையை 0.3 பாகை அளவுக்கு அசைக்கும்.

அந்தப் படுத்த கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. 20 பாகையில் உள்ள அரைக் கிலோ தண்ணீரை 94 பாகைக்குக் கொண்டுவர 155 கிலோயூல் போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 1,135 கிலோயூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். அத்தனை சக்தியும் உள்ளே போகிறது, வெப்பநிலையோ அசையவில்லை. ஒன்றையொன்று பிடித்திருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பதிலேயே அது செலவாகிறது. இதுதான் மறைவெப்பம். மறைவெப்பம் உள்ள மாற்றத்தை முதலாம் வகை அவத்தை மாற்றம் என்பார்கள். (பிரஷர் குக்கர் இந்த விதியை ஏமாற்றுவதில்லை, அமுக்கத்தை மாற்றுகிறது. கடல் மட்டத்தில் 120 பாகை தரும் குக்கர் நுவரெலியாவில் 117 பாகை அளவில் விசிலடிக்கும். பருப்புக்கு அது தாராளம்.)

முதலாம் வகைக்கு இன்னொரு குணம்: அது தாமதிக்கும். மாசில்லாத தண்ணீரை அசையாமல் குளிர்வித்தால் பூச்சியத்துக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்கும். போத்தலைத் தட்டினால் ஒரு நொடியில் உறைந்துவிடும். சிறு ஐஸ் மணி ஒன்று உருவாக முதலில் அதன் மேற்பரப்புக்கான சக்தியைக் கட்டணம் போலச் செலுத்த வேண்டும், அதனால்தான் தாமதம். தை மாதத்தில் வானம் தெளிந்த இரவுகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் இலையின் மேற்பரப்பு போன்ற ஒரு பிடிமானத்தில்தான் தொடங்குகிறது.

மறைவெப்பம் இல்லாத மாற்றம்

எல்லா அவத்தை மாற்றமும் இப்படி அடம் பிடிப்பதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மெல்லிய இரும்புக் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைச் செப்புக் கம்பியில் ஊசல் போலக் கட்டித் தொங்கவிடுங்கள். சில சென்ரிமீற்றர் தள்ளி ஒரு காந்தத்தை வைத்தால் கம்பி அதன் பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தத் துண்டை பன்சன் சுவாலையில் நன்கு சிவக்கக் காய்ச்சுங்கள். 770 பாகை செல்சியசைத் தாண்டியதும் காந்தம் அதை விட்டுவிடும், கம்பி நேராகத் தொங்கும். ஆறியதும் மறுபடி சாயும்.

இது சரிவராமல் போனால் பெரும்பாலும் மூன்று காரணம். கம்பி தடிப்பாக இருந்தால் சுவாலை கொடுக்கும் வெப்பம் இரு பக்கமும் வழிந்து போய்விடும், 770 எட்டாது. காந்தம் சுவாலைக்கு மிக அருகில் இருந்தால் அதுவே பழுதாகும். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகையைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். கறையில்லா உருக்குக் கம்பியை எடுத்தால் தொடக்கத்திலேயே காந்தம் அதைச் சரியாக ஈர்க்காது.

இரும்பின் உள்ளே ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். 770 பாகைக்கு மேலே அவை கண்ட கண்ட திசையில் பார்க்கின்றன. கீழே வந்ததும் அருகருகே உள்ளவை ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஆனால் தண்ணீரைப் போல ஒரே பாய்ச்சலில் அல்ல. 770க்குச் சற்றுக் கீழே ஒழுங்கு மிகச் சிறியது, குளிரக் குளிர அது வளர்கிறது. மறைவெப்பம் கிடையாது. இது இரண்டாம் வகை.

"எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது" என்பதைச் சொல்லும் எண்ணை ஒழுங்குக் கணியம் என்போம். மேலே பூச்சியம், கீழே பூச்சியமில்லை. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் ஒழுங்குக் கணியம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை என்றார் லாண்டாவ்.

லாண்டாவின் வளைகோடு: கல்குலேற்றரும் வரைபடத் தாளும் போதும்

இயற்கை இரண்டு பக்கமும் இழுபடுகிறது. சக்தி குறைய வேண்டும் என்றால் ஒழுங்கு வேண்டும். எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) கூட வேண்டும் என்றால் ஒழுங்கு குலைய வேண்டும். இரண்டையும் கணக்கில் எடுத்த தொகைதான் சுயாதீன சக்தி. அது எங்கே மிகக் குறைவோ அங்கேயே பொருள் போய் அமரும். மாற்றம் நடக்கும் இடத்துக்கு அருகே ஒழுங்கு சிறியது. ஆகவே சுயாதீன சக்தியை ஒழுங்கின் அடுக்குகளாக எழுதி முதல் இரண்டு உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது லாண்டாவின் துணிவு. வசதியான அலகுகளில் அது இவ்வளவுதான்:

சக்தி = வெ × ஒ² + ஒ⁴

'ஒ' என்பது ஒழுங்குக் கணியம். 'வெ' என்பது மாற்றம் நடக்கும் வெப்பநிலையில் இருந்து எவ்வளவு மேலே (நேர்) அல்லது கீழே (மறை) இருக்கிறோம் என்பது. ஒ, ஒ³ போன்ற ஒற்றை அடுக்குகள் வராததற்குக் காரணம் சமச்சீர்: காந்தத்தின் வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டாலும் இரும்புக்கு அது ஒன்றுதான்.

வெ = 1 என்று வைத்துக் கணியுங்கள். ஒ = 0 என்றால் சக்தி 0; ஒ = 0.5 என்றால் 0.3125; ஒ = 1 என்றால் 2. கிண்ணம் போன்ற வடிவம், அடி நடுவில். பொருள் ஒழுங்கில்லாமல் இருக்கும். இப்போது வெ = −1. ஒ = 0.5இல் −0.1875, 0.7இல் ஏறக்குறைய −0.25, 1இல் மறுபடி 0. நடு மேடாகிவிட்டது, இருபுறமும் இரண்டு பள்ளங்கள், 0.71க்கு அருகே. பொருள் ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்க வேண்டும். எந்தப் பள்ளம் என்பது தற்செயல், இறங்குவது நிச்சயம். அடுத்து வெ = −0.25 போட்டால் பள்ளம் 0.35இல் வரும். தூரம் நாலில் ஒன்றானால் ஒழுங்கு பாதியாகிறது. அதாவது ஒழுங்கு, தூரத்தின் வர்க்கமூலம் போல வளர்கிறது.

இதைக் கீறும்போது பலர் வெ மறையாக இருக்கும்போது அடையாளத்தை விட்டுவிடுவார்கள். வளைகோடு மேடு காட்டாது. ஒ⁴ உறுப்பை "சிறியதுதானே" என்று தள்ளிவிட்டால் பள்ளத்துக்கு அடியே இருக்காது, பொருள் முடிவில்லாமல் ஒழுங்காகிக்கொண்டே போகும்.

பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். வெ = −1இல் 0.25, வெ = −0.5இல் 0.0625. மாற்றப் புள்ளியில் ஆழம் பூச்சியத்தில் தொடங்கி மெதுவாக வழுக்கி இறங்குகிறது, எங்கும் படி கிடையாது. அதனால்தான் மறைவெப்பம் இல்லை. ஆனால் வளைவு சட்டென்று மாறுகிறது, அதனால் தன்வெப்பக் கொள்ளளவு (சூட்டை ஒரு பாகை ஏற்றத் தேவையான வெப்பம்) அந்தப் புள்ளியில் பாய்ந்து ஏறும். ஆய்வுகூடத்தில் இரண்டாம் வகை மாற்றத்தைப் பிடிக்க உதவும் அடையாளம் இந்தப் பாய்ச்சல்தான்.

மீகடத்தி ஏன் ஓர் அவத்தை

1908இல் நெதர்லாந்தின் லைடனில் ஹைக்க காமர்லிங் ஓன்னஸ் ஈலியத்தைத் திரவமாக்கினார். அது கொதிப்பது 4.2 கெல்வினில், அதாவது −269 பாகை செல்சியசில். அவ்வளவு குளிரில் உலோகத்தின் தடை என்ன ஆகும் என்பது அன்றைக்குப் பெரிய வாதம். மெல்ல மெல்லப் பூச்சியத்தை நோக்கி இறங்கும் என்றார்கள் சிலர். இலத்திரன்களே உறைந்து தடை எல்லையில்லாமல் ஏறும் என்றார்கள் சிலர். காய்ச்சி வடித்து மிகத் தூய்மையாக்கலாம் என்பதால் ஓன்னஸ் இரசத்தைத் தேர்ந்தெடுத்தார். 1911 ஏப்ரலில் கிடைத்த விடை யாருடைய கணிப்பிலும் இல்லாதது. 4.2 கெல்வினுக்கு அருகே, ஒரு பாகையின் சில நூறில் பங்குக்குள், 0.1 ஓம் அளவில் இருந்த தடை 0.00001 ஓமுக்கும் கீழே விழுந்துவிட்டது.

தடை விழுவதை மட்டும் வைத்து இதைப் புதிய அவத்தை என்று சொல்லிவிட முடியாது. அதை நிலைநாட்டியது 1933இல் மைஸ்னரும் ஒக்சன்ஃபெல்டும் செய்த பரிசோதனை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், மொத்த விஷயமும் இதில்தான் தொங்குகிறது.

தடை பூச்சியமான, ஆனால் வேறு எந்த விசேடமும் இல்லாத ஓர் உலோகத்தைக் கற்பனை செய்யுங்கள். அதை முதலில் குளிர்வித்துப் பிறகு காந்தப்புலத்தில் வைத்தால், தூண்டல் ஓட்டங்கள் புலத்தை உள்ளே விடாது. மாறாக, முதலில் புலத்தில் வைத்துப் பிறகு குளிர்வித்தால் புலம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஒரே வெப்பநிலை, ஒரே புலம், ஆனால் வந்த வழியைப் பொறுத்து இரண்டு விதமான முடிவு. உண்மையான மீகடத்தி அப்படி நடப்பதில்லை. எந்த வழியில் வந்தாலும் புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. 94 பாகையில் கொதிக்கும் தண்ணீர், விறகில் காய்ந்ததா கேஸில் காய்ந்ததா என்று நினைவில் வைத்திருப்பதில்லையே, அதே போல. வந்த வழியை மறந்து, வெப்பநிலையையும் புலத்தையும் மட்டும் பார்த்து நிலைகொள்வதுதான் அவத்தையின் இலக்கணம்.

அவத்தை என்றால் ஒழுங்குக் கணியம் வேண்டும். கின்ஸ்பர்க்கும் லாண்டாவும் 1950இல் வைத்த ஊகம்: மீகடத்தியில் ஒழுங்குக் கணியம் ஓர் அலை. அதன் வீச்சத்தின் வர்க்கம், மீகடத்தும் இலத்திரன்களின் செறிவைச் சொல்கிறது. அந்த அலைக்கு ஒரு கட்டமும் உண்டு, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. (நமது பாடப்புத்தகத்தில் அலையின் இந்தக் குணத்துக்கும் அவத்தை என்றே பெயர், மாணவர்கள் இடறும் இடம் இது. இங்கே குழப்பம் தவிர்க்க 'கட்டம்' என்கிறோம்.) பொருள் முழுக்க அந்தக் கட்டம் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதுதான் மீகடத்துதிறன். இரும்பில் திசை பூட்டிக்கொண்டது, இங்கே கட்டம்.

எது இலத்திரன்களை அப்படிச் சேர்க்கிறது என்று அந்த இருவருக்கும் அப்போது தெரியாது. தெரியாமலேயே சரியான சமன்பாட்டை எழுதினார்கள். இந்த முறையின் வலிமை இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. காரணம் 1957இல் பார்டீன், கூப்பர், ஸ்ரீஃபர் மூவராலும் விளங்கியது. ஓர் இலத்திரன் ஓடும்போது சாலகத்தின் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அமைப்பின்) நேரேற்ற அயன்களைச் சற்றே தன் பக்கம் இழுக்கும். அயன்கள் பாரமானவை, இலத்திரன் போன பிறகும் கொஞ்ச நேரம் நெருங்கியே நிற்கும். அந்த நேரேற்றச் செறிவு இன்னோர் இலத்திரனை ஈர்க்கும். இப்படி இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன. சோடியைப் பிரிக்க ஒரு குறைந்தபட்சச் சக்தி வேண்டும். குளிரில் சாலக அதிர்வுகளிடம் அது இல்லை, எனவே தடை இல்லை. தன்வெப்பக் கொள்ளளவின் பாய்ச்சல், சாதாரண இலத்திரன்களின் கொள்ளளவைப் போல 1.43 மடங்கு என்றும் இந்தக் கோட்பாடு எண்ணாகவே சொன்னது. 1959இல் கோர்கோவ், இந்த மூவரின் கோட்பாட்டில் இருந்தே கின்ஸ்பர்க்–லாண்டாவ் சமன்பாட்டை வருவித்துக் காட்டினார். அலையின் மின்னேற்றம் இரண்டு இலத்திரன்களுடையது என்பது அப்போது உறுதியானது.

இரண்டு நீளங்கள்

கின்ஸ்பர்க்–லாண்டாவ் சமன்பாட்டில் இருந்து இரண்டு நீளங்கள் வரும். காந்தப்புலம் மேற்பரப்பில் இருந்து எவ்வளவு தூரம் உள்ளே நுழைய முடியும் என்பது ஒன்று: ஊடுருவல் ஆழம். ஒழுங்கு பூச்சியத்தில் இருந்து முழு அளவுக்கு வளர எவ்வளவு தூரம் வேண்டும் என்பது மற்றது: ஒத்திசைவு நீளம். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். விடை 0.71க்குக் கீழே என்றால் முதலாம் இன மீகடத்தி, மேலே என்றால் இரண்டாம் இனம்.

அலுமினியத்தில் 16 நனோமீற்றரும் 1,600 நனோமீற்றரும், விகிதம் 0.01, முதலாம் இனம். ஈயத்தில் 37உம் 83உம், விகிதம் 0.45, அதுவும் முதலாம் இனம். நயோபியத்தில் 39உம் 38உம். ஒன்றைச் சற்றே தாண்டும், இரண்டாம் இனம்.

இந்தச் சிறு வகுத்தல் கணக்குத்தான் ஓன்னஸின் கனவு ஏன் உடைந்தது என்பதைச் சொல்கிறது. ஈயக் கம்பியைச் சுற்றி, தடையில்லாமல் ஓட்டம் பாய்ச்சி, 10 தெசுலா காந்தம் செய்யலாம் என்று அவர் எண்ணினார். ஈயமோ 4.2 கெல்வினில் ஒரு தெசுலாவின் பத்தில் ஒரு பங்கு புலத்தைக்கூடத் தாங்காமல் சாதாரண உலோகமாகிவிட்டது. முதலாம் இனம் புலத்தை ஒன்றில் முழுக்கத் தள்ளும், இல்லையேல் முழுக்கத் தோற்கும். இரண்டாம் இனம் சமரசம் செய்யும். 1957இல் அப்ரிகோசோவ் காட்டியபடி, புலம் மெல்லிய சுழல்களாக உள்ளே நுழையும். ஒவ்வொரு சுழலும் சுமக்கும் பாயம் (அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) எங்கும் ஒரே அளவு. 1 தெசுலாவில் அவை முக்கோண ஒழுங்கில், ஏறக்குறைய 49 நனோமீற்றர் இடைவெளியில், நேர்த்தியாக நிரை பிடித்து நட்ட தேயிலைச் செடிகள் போல நிற்கும். சுழலின் நடுவில் மட்டும் மீகடத்துதிறன் இல்லை; சுற்றிலும் இருக்கிறது.

ஓட்டம் பாயும்போது இந்தச் சுழல்கள் பக்கவாட்டில் தள்ளப்படும். நகர்ந்தால் வோல்ற்றளவு பிறக்கும், தடை திரும்பி வந்துவிடும். ஆகவே பொறியியலாளர்கள் வேண்டுமென்றே பொருளில் குறைகளை விதைக்கிறார்கள். சரிவில் வேர்கள் மண்ணைப் பிடித்திருப்பதைப் போல அந்தக் குறைகள் சுழல்களைப் பிடித்துக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 தெசுலா காந்தம் இப்படி நயோபியம்–தைத்தேனியக் கம்பியால் ஆனது. அந்த இழைகளைச் செம்புக்குள் பதித்திருப்பார்கள். எங்காவது ஓர் இடம் சூடாகி மீகடத்துதிறனை இழந்தால், ஓட்டம் செம்பு வழியாகச் சுற்றிப்போக இடம் இருக்கும். அது போதாமல் போனால் சூடு பரவி, ஈலியம் முழுவதும் கொதித்து ஆவியாகும். 2008 செப்ரெம்பர் 19இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள பெரும் துகள்மோதுவியில் நடந்தது இதன் பெரிய வடிவம்: காந்தங்களுக்கு இடையிலான ஒரேயொரு மின் இணைப்பு, அதில் இருந்த தடையால் ஓட்டத்தைத் தாங்காமல் உருகி, தொன் கணக்கில் ஈலியம் வெளியேறியது.

கையால் செய்து பார்க்க

1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். 1987இல் வந்த இற்றியம்–பேரியம்–செப்பு ஒட்சைட்டு 92 கெல்வின் அளவிலேயே மீகடத்தியாகும். திரவ நைதரசன் கொதிப்பது 77 கெல்வினில், எனவே அதுவே போதும். (நுவரெலியாவில் திரவ நைதரசனும் பருப்புத் தண்ணீரைப் போலவே சீக்கிரம் கொதிக்கும், ஒன்றரை முதல் இரண்டு கெல்வின் குறைவாக. இந்தப் பரிசோதனைக்கு அது லாபம்தான்.)

தேவையானவை: இந்த ஒட்சைட்டால் ஆன, 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள கறுப்பு வில்லை, 5 மில்லிமீற்றர் கனசதுர நியோடிமியக் காந்தம், ரெஜிபோம் கிண்ணம், பிளாஸ்ரிக் இடுக்கி, கண்ணாடிக் கவசம், கால் லீற்றர் திரவ நைதரசன். உருக்கு இடுக்கி கூடாது, காந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். வில்லையைக் கிண்ணத்தில் வைத்து நைதரசனை மெல்ல ஊற்றுங்கள். முதலில் சீறிக் கொதிக்கும். வில்லையைச் சுற்றிய ஆவிப் படலம் கலைந்து கொதிப்பு அடங்கும் வரை பொறுங்கள். அவசரப்பட்டுக் காந்தத்தை வைத்தால் அது விழுந்து கிடக்கும், பிழை வில்லையில் என்று நினைத்துவிடுவீர்கள்.

கொதிப்பு அடங்கிய பின் காந்தத்தை வைத்தால் மிதக்கும். பிறகு முழுவதையும் சூடாக விட்டு, இம்முறை சிறு அட்டைத் துண்டின் மேல் காந்தத்தை வைத்துவிட்டுக் குளிர்வியுங்கள். அட்டையை உருவி எடுத்தாலும் காந்தம் அந்த உயரத்திலேயே பூட்டியது போல நிற்கும். தள்ளினாலும் தன் இடத்துக்கு வரும். இந்தப் பூட்டு, புலத்தை வெளியே தள்ளும் மைஸ்னர் விளைவு அன்று, குறைகளில் சிக்கிய சுழல்களின் வேலை. பல காணொளிகள் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகின்றன.

ஒரு லீற்றர் திரவ நைதரசன் 700 லீற்றர் அளவு வாயுவாகும். குளிருக்குப் பயந்து கதவு யன்னலை அடைத்துவிட்டுச் செய்யவே கூடாது, ஒட்சிசன் குறைந்துவிடும். மூடிய போத்தலில் ஊற்றினால் அது வெடிக்கும். துணிக் கையுறை நைதரசனை உறிஞ்சித் தோலோடு ஒட்டும். அதைவிட வெறுங்கையே மேல், கையை அருகே கொண்டுபோகாமல் இருப்பது எல்லாவற்றையும்விட மேல். மலைநாட்டு ஈரக்காற்று குளிர்ந்த வில்லையில் உடனே உறைந்து, பிறகு நீராகி உள்ளே இறங்கும். ஈரம் இந்த ஒட்சைட்டைச் சிதைக்கும். வேலை முடிந்ததும் மின்குமிழ் வெளிச்சத்தில் காயவைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள்.

தடையை அளக்க விரும்பினால் சாதாரண மல்ற்றிமீற்றர் உதவாது. இணைப்புக் கம்பிகளின் தடையே வில்லையின் தடையை விழுங்கிவிடும். நான்கு கம்பிகள் வேண்டும்: வெளி இரண்டில் 100 மில்லி அம்பியர் பாய்ச்சி, உள் இரண்டில் வோல்ற்றளவை மட்டும் அளப்பது. வெப்பநிலை வித்தியாசத்தால் சில மைக்ரோ வோல்ற்று தானாகவே பிறக்கும், ஓட்டத்தின் திசையை மாற்றி மீண்டும் அளந்து, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அது கழிந்துவிடும். குளிர்விக்கும்போது ஒரு கோடும் சூடாக்கும்போது வேறு கோடும் வந்தால் பெரும்பாலும் அவசரமே காரணம்: வெப்பமானி ஒரு சூட்டில், வில்லை வேறு சூட்டில். மெதுவாகச் செய்தால் இரண்டும் ஒன்றாகும்.

வளைகோடு தோற்கும் இடம்

வெ = 0 என்று போட்டுக் கீறினால் அடி தட்டையாக இருக்கும். தட்டையான இடத்தில் உருளும் பந்து எங்கும் நிற்கலாம். ஒழுங்கு இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். காபனீரொட்சைட்டை 31 பாகையிலும் 73.8 பாரிலும், அதன் அவதிப் புள்ளிக்கு (திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடு மறையும் இடத்துக்கு), கொண்டுவந்தால் தெளிவான அந்தப் பாய்பொருள் பால் போல வெளுக்கும். அடர்த்தியின் ஏற்ற இறக்கங்கள் ஒளியின் அலைநீளம் அளவுக்குப் பெருத்து, ரம்பொடைப் பக்கம் இறங்கும் மூடுபனியின் துளிகள் போல ஒளியைச் சிதறடிக்கின்றன. இங்கே லாண்டாவின் வர்க்கமூல விதி பொய்க்கும்: அடுக்கு 0.5 அல்ல, 0.33க்கு அருகே. இதைச் சீர்செய்யும் கணித முறையை 1971இல் கென்னத் வில்சன் உருவாக்கினார், 1982இல் நோபல் பரிசு பெற்றார்.

பழைய மீகடத்திகளில் மட்டும் லாண்டாவின் விதி ஏன் அவ்வளவு துல்லியம்? ஒத்திசைவு நீளம்தான் காரணம். அலுமினியத்தில் ஒரு சோடி பரந்திருக்கும் இடத்துக்குள் இலட்சக் கணக்கான சோடிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, தனித்தனிச் சலனம் சராசரியில் கரைந்துவிடும். செப்பு ஒட்சைட்டுகளில் அந்த நீளம் 2 நனோமீற்றர் அளவுதான், அங்கே சலனங்கள் வெளிப்படையாகவே தெரியும்.

ஒரு போலிச் செய்தியை அவிழ்த்த அவத்தை மாற்றம்

2023 யூலையில், அறை வெப்பநிலையிலேயே மீகடத்தும் பொருள் என்று கொரிய ஆய்வாளர் குழு ஒன்று அறிவித்த 'எல்கே-99' உலகெங்கும் பேசப்பட்டது. ஈயம், செப்பு, பொசுபரசு, ஒட்சிசன் கலந்த கலவை. 104 பாகை செல்சியசுக்கு அருகே தடை சட்டென்று விழுந்தது, ஒரு துண்டு காந்தத்தின் மேல் பாதி எழும்பி நின்றது. சில வாரங்களில் மற்ற ஆய்வுகூடங்கள் உண்மையைக் கண்டன. கலவையில் மாசாகச் செப்பு சல்பைட்டு இருந்தது. அது 104 பாகையளவில் தன் பளிங்கு அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது அதன் தடை பல மடங்கு குறையும், ஆனால் பூச்சியமாகாது. மெதுவாக அளந்தபோதும் குளிர்விக்கும் கோடும் சூடாக்கும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. தட்டும் வரை உறையாமல் நிற்கும் போத்தல் தண்ணீரின் அதே தாமதம். அது முதலாம் வகை மாற்றம். புலமில்லாத மீகடத்திக்கு அந்தத் தாமதம் இருக்கவே கூடாது. பாதி எழும்பிய துண்டில் இருந்தது சாதாரண இரும்புக் காந்தத்தன்மை. மாசில்லாத பளிங்கை வளர்த்து அளந்தபோது அது மின்னைக் கடத்தவேயில்லை, காவலியாக இருந்தது.